ஆபிஸ் பிரிண்டரை நெட்வேர்க்கில் இணைப்பது எப்படி: மலையகத்து ஆபிஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஆபிஸ் ஹட்டனில். ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்துப் பக்கம் பார்த்தால் மூன்று மாடி. ஐந்து கம்பியூட்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு லேசர் பிரிண்டர். ஒரு மாதம் 9ஆம் திகதி மாலை, மறுநாள் சம்பளம், சம்பளச் சிட்டைகள் அடிக்க வேண்டும். பிரிண்டர் பச்சை விளக்கோடு கண்முன்னே நிற்கிறது. கம்பியூட்டரோ 'ஆஃப்லைன்' என்கிறது. கடைசியில் பைலை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பஜாரில் உள்ள போட்டோகொப்பிக் கடைக்கு ஓடினேன். அங்கே முன்னால் ஏழு பேர்.

டெக்னீஷியன் வந்தார், பிரிண்டரை ஓட்டும் மென்பொருளான டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டார், 3,000 ரூபா வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது, பழையபடி ஆஃப்லைன். இப்படி மூன்று தடவை. பிறகு நானே உட்கார்ந்து படித்துச் சரிசெய்தேன். உண்மையில் அரை நாள் வேலைதான். நீங்கள் அந்த 9,000 ரூபாவைக் கொடுக்காமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு விலாசம் இல்லாமல், கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்கு வந்து அங்கேயே கிடந்த கதை நமக்குத் தெரியும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைத்தவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பிரிண்டர் சிக்கலும் கிட்டத்தட்ட அதேதான். பிரிண்டருக்கு மாறாத ஒரு விலாசம் இல்லையென்றால், கம்பியூட்டர் அனுப்புவது எங்கேயோ போய்க் கிடக்கும். கீழே உள்ள எல்லா வேலையும் அந்த விலாசத்தைக் கொடுத்து, அதை எல்லாக் கம்பியூட்டருக்கும் சொல்லி வைப்பதற்குத்தான்.

1. பேப்பர்களைக் கையில் எடுங்கள்

பிரிண்டர் ஏற்கெனவே இருந்தால் அதன் பில், வாரண்டி அட்டை, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள தொடர் இலக்கம் மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் எடுங்கள். அதில்தான் உள்ளே போகும் எண், பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கும். இன்டர்நெட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். எங்களுடையது மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் பெயரில் இருந்தது. ஹொட்லைனுக்கு எடுத்தால் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார்கள். அதை மாற்றவே ஒரு வாரம் போனது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பின்பக்கத்தில் நெட்வேர்க் வயர் குத்தும் லேன் துளை இருக்கும் மொடலாகப் பாருங்கள். வைஃபை மட்டும் உள்ளது கொஞ்சம் மலிவு, ஆனால் ஆபிசுக்கு அது சரிவராது என்பது என் கருத்து. சங்கம், பாடசாலை, கூட்டுறவு போன்ற இடங்களில் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். மூன்று கடைக்கும் ஒரே மொடல் இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். 'லேசர் பிரிண்டர் ஒன்று' என்று மட்டும் எழுதினால், ஆகக் குறைந்த விலைக்கு யூஎஸ்பி மட்டும் உள்ளது வந்து இறங்கும். கணக்காய்வில் கேள்வி வரும் என்பதால் திருப்பிக் கொடுப்பதும் கஷ்டம்.

2. வயரா, வைஃபையா

வயர் போக வழி இருந்தால் வயர்தான். எங்கள் ரவுட்டர் மேல்மாடியில், பிரிண்டர் கீழ்மாடியில், நடுவில் கொங்கிரீட் தட்டு. வைஃபை இரண்டு கோடுதான் காட்டியது. பழைய தோட்ட ஆபிஸ்களில் கருங்கல் சுவர் ஒன்றரை அடி இருக்கும், அங்கே இன்னும் மோசம்.

வைஃபைதான் வேண்டுமென்றால் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், 5 கிகாஹேர்ட்ஸ் கண்ணிலேயே படாது. ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்தால் சில பிரிண்டர்கள் குழம்பும். ரவுட்டருக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, பிரிண்டரை 2.4 பெயரில் சேருங்கள். வருபவர்களுக்காக வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையில் மட்டும் சேர்க்க வேண்டாம். கெஸ்டில் உள்ளவை ஆபிஸ் கம்பியூட்டர்களைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே மறித்து வைத்திருக்கும்.

3. வயர் இழுப்பது

கெட் 5இ அல்லது கெட் 6 வயர் கேளுங்கள். ஒரே இழுவையில் 100 மீட்டர் வரை போகலாம், நம் ஆபிசுக்கு அது தாராளம். கடையில் ஒரு நுனியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவுதான், ஆனால் வளைத்து வளைத்து இழுக்கும்போது உள்ளே முறியும், முறிந்தது வெளியே தெரியாது.

எங்கள் பில்லில் 25 மீட்டர் வயர் 3,500, நான்கு கனெக்டர் 200, ஒரு வயரைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து துளை நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று 3,800, மொத்தம் 7,500 ரூபா. விலை அடிக்கடி மாறுகிறது, அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நுனியில் கனெக்டர் அடிக்கத் தெரியாவிட்டால் கடையிலேயே இரண்டு பக்கமும் அடித்துத் தரச் சொல்லி, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று நின்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு ஆறாவது விளக்கு எரியவில்லை என்று தெரிந்தது, அதற்காகவே மறுபடி ஒரு நாள் போனது. கடைக்குப் போகும் நாள் போயா விடுமுறையா என்று கலண்டரையும் பாருங்கள்.

கட்டடத்துக்கு வெளியால் வயர் இழுக்காதீர்கள். ஆபிசிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு முற்றத்தைத் தாண்டி நாங்கள் இழுத்திருந்தோம். ஏப்ரலில் ஒரு பிற்பகல் இடி இறங்கியபோது சுவிட்சில் இரண்டு துளை செத்தது. மூடியைத் திறந்தால் கருகிய வாடை. இடி விழுந்ததை வாரண்டியில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். வேறு கட்டடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் அங்கே மட்டும் வைஃபை போடுங்கள்.

4. பிரிண்டருக்கு விலாசம் கொடுப்பது

இதுதான் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள், காலையில் உட்கார்ந்தால் நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு மணிக்குப் பிறகு இடி தொடங்கினால் பிளக்குகளைக் கழற்றத்தான் நேரம் சரியாக இருக்கும்.

முதலில் பிரிண்டரின் மெனுவில் நெட்வேர்க் ரிப்போர்ட் அல்லது கொன்பிகரேஷன் பேஜ் என்று இருப்பதை அடித்து எடுங்கள். திரை இல்லாத சின்ன பிரிண்டரில் ஒரு பொத்தானைச் சில வினாடி அமுக்கிப் பிடித்தால் வரும். அந்தத் தாளில் ஐபி அட்ரஸ் என்ற வரியைத் தேடுங்கள். நான் சொன்ன விலாசம் அந்த எண்தான்.

அது 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு ஒரு எண் கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எதுவும் கொடுக்கவில்லை, பிரிண்டர் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது. எங்கள் சிக்கலின் வேர் இந்த இடத்தில்தான் இருந்தது. கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பிரிண்டர் எண் கேட்கும்போது கொடுக்க ஆள் இல்லை. கொடுத்தாலும் நேற்று 192.168.1.7, இன்று 192.168.1.12. கம்பியூட்டர் இன்னமும் 7ஆம் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்.

எண் மாறாமல் இருக்க இரண்டு வழி உண்டு. ரவுட்டருக்குள் போய், பிரிண்டரின் மேக் அட்ரஸை (தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுக்கும் அடையாள எண்) எழுதி 'இவருக்கு எப்போதும் இந்த எண்தான்' என்று ஒதுக்கி வைக்கலாம். ரவுட்டர் தானாக எண் பங்கிடுவதற்கு டிஎச்சிபி என்று பெயர், இப்படி ஒதுக்கி வைப்பது டிஎச்சிபி ரிசர்வேஷன். புத்தகமெல்லாம் இதைத்தான் சிபாரிசு செய்யும். ஆனால் கரண்ட் அடிக்கடி போகும் நம் ஊரில் பிரிண்டரிலேயே எண்ணை எழுதி வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ரவுட்டர் எழும் வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.

செய்யும் முறை இது. பிரௌசரில் ரவுட்டரின் எண்ணை அடியுங்கள். பைபர் ரவுட்டர்களில் பெரும்பாலும் 192.168.1.1, சிம் போடும் ரவுட்டர் பலவற்றில் 192.168.8.1. உள்ளே டிஎச்சிபி பக்கத்தில் அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பங்கிடுகிறது என்று இருக்கும். 2 முதல் 254 வரை என்று இருந்தால், முடிவை 200 ஆக மாற்றிச் சேமியுங்கள். இனி 200க்கு மேல் உள்ளதை ரவுட்டர் யாருக்கும் கொடுக்காது.

பிறகு பிரிண்டரின் மெனுவில் டிசிபி/ஐபி பகுதிக்குப் போய், ஓட்டோ என்பதை மெனுவல் அல்லது ஸ்டேட்டிக் ஆக்கி மூன்று வரி நிரப்புங்கள். ஐபி அட்ரஸ் 192.168.1.240. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே என்பது ரவுட்டரின் எண், 192.168.1.1. உங்கள் ரவுட்டர் 192.168.8.1 என்றால் 192.168.1 என்று வரும் இடத்திலெல்லாம் 192.168.8 என்று போடுங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டு, அந்தத் தாளை மறுபடி அடித்துப் பாருங்கள். 240 என்று வந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சில கம்பனி ரவுட்டர்களில் இந்தப் பக்கத்தைப் பயனர் கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். அப்படியானால் பங்கீட்டைத் தொடாமல், 240 போன்ற பெரிய எண்ணைப் பிரிண்டரில் எழுதிவிடுங்கள். பத்துப் பதினைந்து கருவி உள்ள ஆபிசில் அதே எண் இன்னொன்றுக்குப் போகும் வாய்ப்பு குறைவு.

ரிசர்வேஷன் வழியில் போகிறவர்களுக்கு ஒன்று: வயருக்கு ஒரு மேக் அட்ரஸ், வைஃபைக்கு வேறு மேக் அட்ரஸ். தாளில் இரண்டும் இருக்கும். நீங்கள் பாவிக்கும் இணைப்பின் அட்ரஸை எழுதுங்கள்.

5. இரண்டாவது ரவுட்டர் என்ற வம்பு

கீழ்மாடிக்கு வைஃபை வரவில்லை என்று பலரும் இன்னொரு ரவுட்டர் வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து வயரை அதன் வான் (WAN) துளையில், அதாவது இன்டர்நெட் உள்ளே வரும் துளையில், குத்திவிடுவார்கள். இன்டர்நெட் வரும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மேலே உள்ளவை 192.168.1 குடும்பம், கீழே உள்ளவை 192.168.0 குடும்பம். மேல்மாடிக் கம்பியூட்டருக்குக் கீழ்மாடிப் பிரிண்டர் தெரியாது. இரண்டாவதில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த எண்ணை 192.168.1.250 போல மாற்றி, வயரை வான் துளையில் அல்லாமல் லேன் துளையில் குத்துங்கள். அக்சஸ் பொயின்ட் மோட் என்று ஒரு தெரிவு இருந்தால் அதை அமுக்கினாலே போதும்.

பைபர் அறுந்தால் சிம் ரவுட்டருக்கு மாறும் ஆபிஸ்களுக்கும் இதே கதைதான். மண்சரிவுக் காலத்தில் நாங்கள் அப்படி மாறினோம். குடும்பம் 1லிருந்து 8க்குப் போய்விட்டது, 240இல் இருந்த பிரிண்டர் தனியாக நின்றது. இப்போது சிம் ரவுட்டரின் சொந்த எண்ணையும் 192.168.1.1 ஆக மாற்றி, அதே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறோம். ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைப் போட வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது.

இன்னொன்று. "சேர், இன்டர்நெட் இல்லை, பிரிண்ட் வராது" என்று எங்கள் ஆபிசிலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். ஆபிசுக்குள் பிரிண்ட் எடுக்க இன்டர்நெட் தேவையே இல்லை. ரவுட்டரும் பிரிண்டரும் எரிந்துகொண்டிருந்தால் போதும். டேட்டா தீர்ந்து போனாலும் பிரிண்ட் வரும்.

6. கம்பியூட்டர்களில் சேர்ப்பது

டிரைவரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். சில முழுத் தொகுப்புகள் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். டேட்டா பெக்கேஜில் இரவுக் கோட்டா இருந்தால் இரவில் ஒரு தடவை இறக்கிப் பென் டிரைவில் போட்டால் ஐந்து கம்பியூட்டருக்கும் ஆகும்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் டிவைஸ் என்று போங்கள். அது தேடத் தொடங்கி, பிரிண்டரின் பெயரைக் காட்டும். கை பரபரக்கும், ஆனால் அதை அமுக்க வேண்டாம்! அப்படிச் சேர்த்தால் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் (கம்பியூட்டர் பிரிண்டருக்கு அனுப்பும் வழி) உட்காரும் வாய்ப்பு அதிகம். ஆஃப்லைன் தொல்லை அதிகம் வருவது அதில்தான். சில வினாடி பொறுத்தால் கீழே ஆட் மேனுவலி என்று வரும். அதற்குள் ஐபி அட்ரஸால் சேர்க்கும் தெரிவை எடுத்து, டிவைஸ் டைப் என்ற இடத்தில் டிசிபி/ஐபி டிவைஸ் என்று மாற்றி, 192.168.1.240 என்று அடியுங்கள். டிரைவர் கேட்கும், இறக்கியதைக் காட்டுங்கள். ஒரு கம்பியூட்டருக்குப் பத்து நிமிடம் போகும்.

அதன் பிறகும் சில சமயம் ஆஃப்லைன் என்று காட்டலாம். பிரிண்டர் புரொபர்டீஸ், போர்ட்ஸ், கொன்பிகர் போர்ட் என்று போய், எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்பதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பிரிண்டரின் நலம் விசாரிக்கும் ஏற்பாடு அது. பதில் வராவிட்டால் ஆஃப்லைன் என்று முடிவுகட்டிவிடும்.

யூஎஸ்பி பிரிண்டரை ஒரு கம்பியூட்டரில் குத்தி மற்றவர்களுக்குப் பகிரும் பழைய முறையும் உண்டு. அந்தக் கம்பியூட்டரை அணைத்துவிட்டு ஆள் லீவில் போனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதோடு 2021இலிருந்து வந்த விண்டோஸ் பாதுகாப்பு மாற்றங்கள் இந்தப் பகிர்வைப் பல இடங்களில் முறித்தன. லேன் துளை இருந்தால் அந்த வழிக்கே போகாதீர்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் ஆபிஸ்கள் கவனியுங்கள். எழுத்துரு இல்லாத கம்பியூட்டரிலிருந்து அடித்தால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பிரிண்டர் மேல் பழி போடாமல் எழுத்துருவைப் போடுங்கள், அல்லது பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள்.

போனிலிருந்து அடிக்க, போனும் அதே வைஃபையில் இருந்தாலே போதும். பெரும்பாலான புதிய பிரிண்டர்கள் தாமாகவே தெரியும்.

7. ஸ்கேன்

பழைய பெரிய போட்டோகொப்பி மெஷின்கள் ஸ்கேனைக் கம்பியூட்டர் போல்டருக்கு அனுப்ப எஸ்எம்பி 1 என்ற பழைய முறையைப் பாவிக்கும். பாதுகாப்பில்லை என்று விண்டோஸ் 10 காலத்திலேயே அதை மூடிவிட்டார்கள். "திறந்துவிடுகிறேன்" என்று டெக்னீஷியன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈமெயிலுக்கு அனுப்பும் வழியோ, மெஷினில் பென் டிரைவைக் குத்தி எடுக்கும் வழியோ போதும்.

8. கரண்ட், பனி, உயரம்

லேசர் பிரிண்டரைச் சாதாரண யூபிஎஸ்ஸில் குத்தாதீர்கள். தாளைச் சூடாக்கும் நேரத்தில் அது ஆயிரம் வாட்ஸ் அளவுக்கு இழுக்கும், யூபிஎஸ் கத்திக்கொண்டு அணைந்துவிடும். ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் மட்டும் சின்ன யூபிஎஸ் போதும். பிரிண்டருக்கு சர்ஜ் தடுப்பு உள்ள பிளக் பலகை வையுங்கள். இடி நேரத்தில் அதையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றுங்கள், லேன் வயரையும்தான். மேலே சொன்ன ஏப்ரல் இடியின்போது நாங்கள் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு வயரை மறந்திருந்தோம்.

பனி நாட்களில் பேப்பர் ஈரத்தை இழுக்கும், நுனி சுருளும், உள்ளே சிக்கும். நெட்வேர்க்கைச் சரிசெய்துவிட்டு இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ரீமை உறையோடு வைத்து, ட்ரேயில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். எங்கள் பியோன் அண்ணன் பேப்பர் அலுமாரியில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருக்கிறார், நன்றாகவே வேலை செய்கிறது.

அச்சு மங்கலாக வந்தால் டோனரை மாற்றும் முன் மெனுவில் ஆல்டிடியூட் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மொடலிலும் இல்லை. காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் லேசர் அச்சின் தரம் மாறும் என்பதால் வைத்திருப்பது. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர். கொழும்பிலிருந்து பெட்டியில் வரும் பிரிண்டர் கடல்மட்டக் கணக்கில்தான் இருக்கும்.

9. ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

பிரிண்டரின் எண், ரவுட்டரின் எண், டிரைவர் உள்ள பென் டிரைவ் எங்கே இருக்கிறது, வாரண்டி முடியும் திகதி. இவற்றை ஒரு தாளில் அடித்துப் பிரிண்டர் மேசையின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்ட் மட்டும் அதில் வேண்டாம், அதைப் பொருட்பதிவேட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். பிரிண்டருக்குள்ளும் ஒரு நிர்வாகப் பாஸ்வேர்ட் உண்டு, பெட்டியில் வந்ததை மாற்றிவிடுங்கள்.

எங்கள் தாளின் அடியில் ஆஃப்லைன் வந்தால் பார்க்க வேண்டிய வரிசையும் இருக்கிறது. லேன் துளையில் விளக்கு எரிகிறதா? கம்பியூட்டர் ஆபிஸ் வைஃபையில்தான் இருக்கிறதா, அல்லது யாருடையதோ போன் ஹொட்ஸ்பொட்டிலா? பிரௌசரில் 192.168.1.240 என்று அடித்தால் பிரிண்டரின் பக்கம் திறக்கிறதா? திறந்தால் கோளாறு அந்தக் கம்பியூட்டரில், திறக்காவிட்டால் வயரில் அல்லது பிரிண்டரில். கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில், யூனிகோடில் அடித்திருக்கிறோம்: 'ரவுட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விடாதீர்கள்.' அது ரீசெட். போன மாதம் ஒருவர் விட்டார், நான்காம் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.